நோகுது என்று சொன்ன கண்

போன கிழமை ரஜிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கண் பகுதியில் என்னோடு வேலை செய்து, நான் ஓய்வு பெற்றபோது என் கதிரைக்கு வந்த தாதி அவள். "ஹலோ" கூடச் சொல்லவில்லை.

"மிஸ், புது மெஷின் ஒண்டு வரப்போகுது! கண்ணில காத்தை மெல்லமா ஊதி, உணர்ச்சி எவ்வளவு இருக்கெண்டு இலக்கம் போட்டுக் காட்டுமாம். இனிப் பஞ்சு தேவையில்லை!"

"நல்லதடி, வரட்டும். வந்த அண்டைக்கே என்ர கண்ணிலயும் ஒருக்கா ஊதிப் பாரும்" என்றேன்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் எங்கே என்று நான் இழுப்பேன் என எதிர்பார்த்தாளோ என்னவோ, "மெய்யாவோ மிஸ்?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் புது மெஷின் என்றால் கிறிஸ்மஸ் உடுப்பு மாதிரி. தொட்டுப் பார்க்காமல் நித்திரை வராது. பிறகு அவளே சொன்னாள். "மிஸ், பிலோமினா அக்காவின்ர கதையை ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசா வந்த பிள்ளையளுக்கு நான் சொல்லத் தொடங்கினால் பாதியில சிரிப்பு வந்திடுது. மிச்சத்தில அழுகை வந்திடுது. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்குதில்லை."

அதனால் எழுதுகிறேன்.

நான் ஜெசிந்தா, தீவுப் பக்கத்துக் கரம்பொன் ஊர் ஆள். தாதி வேலைக்குப் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்து, எலும்புகளின் பெயர்களை பஸ்ஸில் முணுமுணுத்தபடி போவேன். செபம் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி இருந்து இடம் தருவார்கள். பிறகு இந்த வாட்டு, அந்த வாட்டு என்று அலைந்து, கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் எனக்குக் கண் விசர், ஒருவிதப் பைத்தியம், பிடித்தது. கருவிழியை மூடிக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது அல்லவா, உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக நிற்கும் இடங்களில் அது ஒன்று. ஒரு தூசு பட்டால் போதும், முழு மனிதனும் துள்ளுவான். அவ்வளவு சின்ன இடத்துக்குள் அவ்வளவு பெரிய காவல் என்று அறிந்த நாளில் இருந்து எனக்கு வேறு வாட்டு வேண்டாம் என்றாகிவிட்டது.

எங்கள் பெரிய டொக்டர் ஒரு பெண். ஆள் கட்டை. சத்திரசிகிச்சை மேசைக்கு எட்டுவதற்குக் காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டு நிற்பா. யாரையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் சூடு வரும்வரை தேய்ப்பா. பிறகு நோயாளியோடு அல்ல, நோயாளியின் கண்ணோடு கதைப்பா. "இப்ப வெளிச்சம் வரும், பயப்பிடாதையும்." "இப்பக் கீழ பாரும், கெட்டிக்காரன்." கண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவ எங்களுக்குக் கொடுத்தது ஒரு "ம்" மட்டும்தான். குறுகிய "ம்" என்றால் வேலை சரி. நீண்ட "ம்ம்ம்" என்றால் வில்லங்கம். "நல்லது" என்ற சொல் அவவின் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. "பார்ப்பம்" என்று நாங்கள் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது. "பார்ப்பம் எண்டு கடைக்காரன் சொல்லலாம். கண் வாட்டில பார்க்கோணும்" என்பா.

பஞ்சுப் பரிசோதனையை எனக்குக் கைபிடித்துப் பழக்கியது அவதான். சொல்வதற்கு இலேசு. சுத்தமான பஞ்சில் இருந்து கொஞ்சம் இழுத்து, விரலால் உருட்டி, கடைசி நுனி சிலந்தி நூல் மாதிரி வரும்வரை மெலிக்க வேண்டும். நோயாளியை எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் இருந்து கொண்டுவர வேண்டும். முன்னால் இருந்து கொண்டுபோனால் பஞ்சைக் கண்டே கண்ணை மூடிவிடுவார்கள். அது உணர்ச்சியில்லை, பயம். இமை மயிரில் படக்கூடாது, வெள்ளை விழியில் படக்கூடாது. படலத்தில் மட்டும், ஓரங்களில் ஒவ்வொன்றாகவும் கடைசியாக நடுவிலும் தொட வேண்டும். தொட்டதும் கண் இமைத்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. முக்கியமான சங்கதி, மரத்துப்போகச் செய்யும் துளி மருந்தை விடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.

ஒருமுறை புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் அந்தத் துளியை முதலில் விட்டுவிட்டார். பிறகு பஞ்சால் தொட்டு, "இரண்டு கண்ணிலயும் நரம்பு செத்துப்போச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கண் கட்டிக்கு வந்த அந்த ஆள் வெலவெலத்துப் போனார். பெரிய டொக்டர் எழும்பி வந்தா. இளம் டொக்டரைக் கதிரையில் இருத்தி, அவர் கண்ணிலேயே துளியை விட்டு, பஞ்சால் தொட்டுப் பார்த்தா. "பாவம், உமக்கும் நரம்பு செத்துப்போச்சு" என்றா. வாட்டு முழுக்கச் சிரித்தது. அந்த இளம் டொக்டரும்தான்.

இப்போது பிலோமினா அக்காவிடம் வருவோம். நான் ஓய்வு பெற முந்திய வருடம் அது. நெடுந்தீவில் இருந்து புருசன் சூசை அண்ணையோடு கிளினிக்குக்கு வந்தா. சின்ன வயதில் பனை மட்டைக் கருக்குக் குத்தி ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கலியாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, அந்தக் கரையிலேயே கிழிந்த வலைகளை விறுவிறுப்பாகப் பொத்தித் தைக்கிறவ என்று பேர் எடுத்தவ. அந்த நல்ல கண்ணின் பக்கம் முகத்தில் அக்கி வந்து, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து மாறி நெடுநாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் பார்வை மங்கியிருக்கிறது.

"நோவே இல்லை மிஸ், அதுதான் வரேல்லை. ஊசியில நூல் கோக்க ஏலாமல் போனாப் பிறகுதான் வந்தனான்" என்றா அக்கா.

சூசை அண்ணைக்கு அதில் ஒரு பெருமை வேறு. கடல் வெயிலில் கறுத்த, நெடிய மனிதன். "என்ர மனுசி சரியான பொறுமைசாலி, மிஸ். கண்ணுக்க மண் பறந்தாலும் இமைக்க மாட்டா" என்றார்.

இமைக்காத கண் என்றதும் எழும்பினேன். பஞ்சை உருட்டினேன். அக்காவைச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்க்கச் சொன்னேன். ஓரத்தில் தொட்டேன், கீழே தொட்டேன், மேலே தொட்டேன். நடுவில் தொட்டு, பஞ்சைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.

அக்கா பொறுமை இழந்துபோனா. "என்ன மிஸ், நிண்டு கொண்டிருக்கிறியள்? தொடுறதெண்டால் கெதியாத் தொடுங்கோவன்!"

பஞ்சு அப்போதும் அந்தக் கண்ணில்தான் இருந்தது.

மஞ்சள் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தோம். படலத்தில் புண் உள்ள இடம் அப்படித்தான் பச்சையாகத் தெரியும். நடுவிலே ஒரு பச்சைக் குளம் தெரிந்தது. பெரிய டொக்டர் குனிந்து பார்த்து, "ம்ம்ம்" என்றா. அவ்வளவு நீளமான "ம்" ஐ நான் அதற்கு முன் கேட்டதில்லை. நரம்பு செத்த கண்ணுக்கு நோ தெரியாது. நோ தெரியாவிட்டால் இமைக்காது, தண்ணீர் சுரக்காது, புண் ஆறாது. ஆறாத புண் ஒரு நாள் துளையாகும். துளையானால் கண் போய்விடும். இது அக்காவிடம் இருக்கிற ஒரே கண்.

வழக்கமான வைத்தியம், இரண்டு இமைகளையும் சேர்த்துத் தைத்து மூடிவைப்பது. அப்படி மூடினால் புண் ஆறலாம். ஆனால் அக்கா இருட்டுக்குள் இருக்க வேண்டும். திறக்கும்போது எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"தைச்சால் வலை ஆர் பொத்துறது?" என்று கேட்டா அக்கா. "இவர் பொத்தினால் மீன் சிரிச்சுக்கொண்டு வெளிய போகும்."

பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கே வெளிநாட்டுக்கு எழுதத் தொடங்கினா. புதிதாக ஒரு துளி மருந்து வந்திருப்பதாக வாசித்திருந்தாவாம். எவ்வளவு பேருக்கு எழுதினாவோ, என்ன சொல்லிக் கேட்டாவோ தெரியாது, கொஞ்ச நாளில் அக்காவின் பெயருக்கு இலவசமாகவே மருந்து வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தபோது வெள்ளைப் புகை கிளம்பியது. சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றும் கல்லு மாதிரி உறைந்திருந்தது. சூசை அண்ணை எங்கள் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்ன மாதிரி ஐஸ்!" என்று வாய் பிளந்தார். நல்ல சாமானைக் கண்ட கடல்காரனின் முகம் அது.

மருந்தைப் பெரிய உறைபெட்டியில் வைத்தோம். ஒவ்வொரு கிழமைக்கும் தேவையானதை மட்டும் எடுத்துப் பிரிஜ்ஜில் வைத்து இளக விட வேண்டும். இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. இதைப் பெரிய டொக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னா. சூசை அண்ணை தலையை நன்றாக ஆட்டினார்.

அன்று மத்தியானம் எங்களுக்கு ஒரு பாடம் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு பரபரக்கிறது. இந்தத் துளிக்குள் என்ன இருக்கிறது, அது செத்த நரம்பை எப்படி எழுப்பும் என்று நான்தான் கேட்டேன். பெரிய டொக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டு எழும்பினா.

"இது ஒரு புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணி எண்டு பேர். உடம்பே தனக்குச் செய்யிற சாமான்தான். ஜெசிந்தா, நீர் இஞ்சை நில்லும். ரஜிதா, நீர் அங்கை. கொஞ்சம் தள்ளி. இப்ப நீங்கள் இரண்டு பேரும் நரம்பு நுனியில நிக்கிற ஏற்பியள்."

"ஏற்பி எண்டால் என்ன செய்யிறது டொக்டர்?" என்றாள் ரஜிதா.

"வாசல்ல நிக்கிறது. கண்டவன் வந்தால் திரும்பியும் பாக்கிறேல்லை. தனக்கெண்டு வாற ஆள் வந்தால் பிடிச்சு, உள்ளுக்குச் செய்தி குடுக்கிறது."

நாங்கள் இரண்டு பேரும் முழங்கையை மடித்துக்கொண்டு வாசல்காரிகளாக நின்றோம். பெரிய டொக்டர் நடுவில் வந்தா. "இந்தப் புரதம் ஒரே மாதிரி இரண்டு பாதி ஒட்டினது. அதனால அதுக்கு இரண்டு பக்கமும் கை." ஒரு கையை என் முழங்கையிலும் மற்றதை ரஜிதாவின் முழங்கையிலும் கொழுவி ஒரே இழுப்பு இழுத்தா! கட்டையான மனுசிக்கு அவ்வளவு பலம். நானும் ரஜிதாவும் தோளோடு தோள் இடிபட்டோம்.

"இடிபட்டியளோ? அதுதான் விசயம்! தனித்தனிய நிண்டால் உங்களால ஒண்டும் செய்ய ஏலாது. நான் வந்து சேர்த்து வைக்க, நீங்கள் ஒராளை ஒராள் தட்டுறியள். அந்தத் தட்டில செய்தி உள்ள போகுது. சாகாதை, வளர் எண்டு."

"அவ்வளவும் ஒரு சொட்டுக்குள்ளயோ டொக்டர்!" என்று நான் கத்தியே விட்டேன்.

"கத்தாதையும். இன்னொரு வகை ஏற்பியும் இருக்கு. அது ஒரு மாதிரிக் குணம். ஒரு நேரம் உதவி செய்யும், ஒரு நேரம் செத்துப்போ எண்டு சொல்லும். ஆர் மாதிரி எண்டு நான் சொல்ல மாட்டன்."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலைமைத் தாதியான மேற்றனின் அறைக் கதவைப் பார்த்தோம். பிறகு பெரிய டொக்டர் தன் இரண்டு கைகளையும் துணி மாதிரித் தொங்கவிட்டா. "இப்ப என்ர கை இப்பிடிக் கெட்டுப்போச்சு. உங்களைக் கொழுவ ஏலுமோ?"

"ஏலாது டொக்டர்."

"ம். புரதத்துக்கு வடிவம்தான் உயிர். வடிவம் கெட்டால் அது வெறும் தண்ணி."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சிற்றூழியர், பெரிய டொக்டர் இரண்டு தாதிகளைப் பிடித்து இழுத்துவிட்டுக் கை சோர்ந்து நிற்பதைக் கண்டார். ஏதோ பெரிய சண்டை என்று நினைத்து வந்த வழியே திரும்பிவிட்டார்.

முதல் கிழமைகளில் அக்கா வாட்டில் இருந்தா. பகல் முழுக்க இடைவெளி விட்டு விட்டு நான் துளியை விட்டேன். நீல வெளிச்சத்தில் பார்க்கும்போதெல்லாம் பச்சைக் குளத்தின் கரைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் பெரிய டொக்டரின் "ம்" குறுகிக்கொண்டே போனது. எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. ரஜிதாவும் நானும் ஒருவரை ஒருவர் கண்டால் முழங்கையைக் கொழுவி இடித்துக்கொள்வோம். வாட்டில் அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அக்காவுக்கு வாட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "இஞ்சை கிடந்தால் நான் நோய்பிடிச்ச வருத்தக்காரி ஆகிப்போவன்" என்று நச்சரித்தா. நெடுந்தீவு ஆஸ்பத்திரியிலும் பிரிஜ் உண்டு, துளி விட ஒரு தாதியும் உண்டு. கிழமைக்கு ஒருமுறை இரண்டு பேரும் கிளினிக்குக்கு வருவது, கண்ணைக் காட்டுவது, அடுத்த கிழமைக்கான மருந்தை வாங்கிக்கொண்டு போவது என்று ஒழுங்கு செய்தோம். இளகிய குப்பிகளை வெள்ளைத் தக்கை மாதிரியான ஒரு சின்ன றெஜிபோம் பெட்டியில் குளிர்ப் பைகளோடு வைத்துக் கொடுப்பேன். பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து நெடுந்தீவுப் படகு, படகால் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிப் பிரிஜ். பெட்டியைச் சூசை அண்ணை கோயில் திருவுருவத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார்.

அதற்குப் பிறகு பச்சைக் குளம் அசையவே இல்லை.

முதல் கிழமை, சரி, பயணக் களைப்பு என்று நினைத்தோம். அடுத்த கிழமையும் அப்படியே. அதற்கும் அடுத்த கிழமை குளம் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. பெரிய டொக்டர் "ம்ம்ம்" கூடச் சொல்லவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, "நரம்பு மருந்தைக் கேக்குதில்லை. வாற கிழமை தைப்பம்" என்றா.

அக்காவைப் பார்த்தேன். எப்போதும் ஏதாவது பகிடி விடுகிற மனுசி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"டொக்டர், எனக்கு ஒரு நாள் தாங்கோ" என்றேன். "வாட்டில கேட்ட மருந்து வீட்டில ஏன் கேக்கேல்லை? மருந்தும் அதுதான், கண்ணும் அதுதான். நடுவில ஏதோ நடக்குது. நான் இவையோட நெடுந்தீவுக்குப் போறன்."

"போய்ப் பார்ப்பமெண்டோ?"

"இல்லை டொக்டர். கண்டுபிடிக்க."

"ம்" என்றா, குறுக்கமாக.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் அக்கா மேல்தான். வலை பொத்துகிற அவசரத்தில் துளி விடப் போகாமல் இருந்துவிடுகிறாவோ என்று நினைத்தேன். பஸ்ஸில் வழி முழுக்க விசாரித்தபடி போனேன். வேலணை கடந்து, மண்கும்பான் கடந்து, புங்குடுதீவுப் பாலம் ஏறும்வரையும் அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்னா. ஒரு துளிகூடத் தவறவில்லை. என் சந்தேகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் குறிகட்டுவானில் இறங்கினேன்.

படகுக்கு நேரம் இருந்தது. அக்காவும் நானும் தேத்தண்ணி குடிக்க ஒதுங்கினோம். காற்று நன்றாக வீசியது, கடலைப் பார்த்தபடி இருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், மீன் ஏற்றுகிற இடத்தில் சூசை அண்ணை தன் கூட்டாளியோடு குந்தி இருக்கிறார். எங்கள் றெஜிபோம் பெட்டி திறந்து கிடக்கிறது. நான் வைத்துவிட்ட குளிர்ப் பைகள் வெளியே நிலத்தில். கூட்டாளி ஐஸை உடைக்கிறார். சூசை அண்ணை ஒரு காகிதச் சரையில் இருந்து கல்லுப்பைக் கை நிறைய அள்ளி அதன் மேல் தூவப் போகிறார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடினேன். "அண்ணை! என்ன செய்யிறியள்?"

அவர் நிமிர்ந்து, என்னைத் தேற்றுகிற மாதிரிச் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ மிஸ். நீங்கள் வைக்கிற அந்தப் பை கடல் வெயிலுக்கு எந்த மூலைக்கு? நான் ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான் கொண்டுபோறனான். ஐஸில உப்புப் போட்டால் பிடிக்கிற பிடி வேற. தூரத்துக்கு அனுப்பிற நல்ல மீனுக்குத்தான் இப்பிடிச் செய்யிறது. நெடுந்தீவு போய்ச் சேரேக்க கல்லு மாதிரி இருக்கும்!"

"கல்லு மாதிரியோ!"

"ஓம் மிஸ். வரேக்க அப்பிடித்தானே வந்தது? நானே கண்ணால கண்டனான். நீங்கள் பாவம், இளக விட்டிட்டியள். நான் திருப்பிப் பழைய மாதிரி ஆக்கிக் கொண்டுபோறன்."

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. படகில் உறைந்து போகிறது, ஆஸ்பத்திரிப் பிரிஜ்ஜில் திரும்பவும் இளகுகிறது. பின்னேரம் எடுத்துப் பார்க்கும் தாதிக்கு அது தெளிந்த தண்ணீராகத்தான் தெரியும். யாருக்குச் சந்தேகம் வரும்? கோபம் உச்சிக்கு ஏறியது. கத்த வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன்.

"அண்ணை, ஐஸ் இளகின றாலைத் திருப்பி உறைய வைச்சு விப்பியளோ?"

"சீ! அதை ஆர் வாங்குவான்? சதை எல்லாம் சளசளத்துப் போயிடும். முதல்தரம் உறையிறது வேற, இளகினதைத் திருப்பி..."

அவருடைய கையில் இருந்த உப்பு விரல்களுக்கு இடையால் கொட்டியது.

கூட்டாளிதான் முதலில் அசைந்தார். மெல்லக் கையை நீட்டி ஐஸை எல்லாம் வெளியே அள்ளிக் கொட்டினார். நான் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் உறையவில்லை. நல்ல வேளை, அந்தக் கிழமை மருந்து தப்பியது. இதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருப்பது இரண்டு கிழமைக்கான இரண்டு பெட்டி மட்டும். அதற்குள் புண் ஆறவேண்டும், இல்லையென்றால் தையல்தான்.

படகில் ஏறியும் சூசை அண்ணை தலை நிமிரவில்லை. "உறைஞ்சால் அதுக்கு என்ன நடக்கும் மிஸ்?" என்று மட்டும் கேட்டார். சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது இலேசாக இருந்தது. ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் மரக்கறிக் கூடையோடு இருந்த முன்பின் தெரியாத ஒரு மனுசி. "தங்கச்சி, உங்கட கையை ஒருக்காத் தாங்கோ" என்று இரண்டு முழங்கையிலும் கொழுவி இழுத்தேன். இரண்டு பேரும் இடிபட்டார்கள், கூடையில் இருந்து தக்காளிப்பழம் உருண்டது. படகில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இதுதான் நல்ல மருந்து. இது, உங்கட உப்பு ஐஸில போன மருந்து" என்று கைகளைத் தொங்கப் போட்டேன். "கொழுவாது. நரம்பு வாசல்ல காத்துக்கொண்டு நிக்கும். இது பக்கத்தால வழிஞ்சு போயிடும்."

"அப்ப இவ்வளவு நாளும் நான் அவளுக்குப் பச்சைத் தண்ணியையே கொண்டுவந்து குடுத்திருக்கிறன்?" என்றார். முகத்தைத் தோள் துவாயால் மூடிக்கொண்டார். பெரிய கடலில் தனியாக நிற்கிற மனிதன், அந்தப் படகுக்குள் குலுங்கினார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அக்காதான் அவரை இடித்தா. "அழாதேங்கோ. இந்த மனுசனுக்கு அன்பு கூடினால் என்னையும் ஐஸில படுக்க வைப்பார் மிஸ். எனக்கு முந்தியே தெரியும்."

அன்று படகிலேயே ஒரு வழி கண்டுபிடித்தோம். குப்பிகளோடு அதே அளவு சின்னப் போத்தல் ஒன்றில் பச்சைத் தண்ணீரை நிரப்பிப் பெட்டிக்குள் வைப்பது. போய்ச் சேர்ந்ததும் அதைக் குலுக்கிப் பார்ப்பது. தண்ணீர் சலசலத்தால் மருந்து சுகம். ஐஸ் வேண்டாம், குளிர்ப் பைகளைச் சாக்குத் துண்டால் சுற்றி, நனைத்த துவாயைப் பெட்டிக்கு மேலே போட்டால் போதும். அதற்குப் பிறகு சூசை அண்ணை படகால் இறங்கியதும் வீட்டுக்குப் போவதற்கு முன், கரையில் நின்று காதோரம் போத்தலைக் குலுக்குவாராம். நெடுந்தீவில் பொடியன்கள் அவருக்குப் பட்டப் பெயரே வைத்துவிட்டதாக அக்கா சொன்னா.

விசயத்தைப் பெரிய டொக்டரிடம் சொன்னேன். அவ எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றா. "அப்ப நரம்பு சாகேல்லை" என்றா தனக்குத்தானே. "சாப்பாடு வரேல்லை." திரும்பி வந்து, "தையலைத் தள்ளிப் போடும்" என்றா.

அடுத்த கிழமை பச்சைக் குளத்தின் ஒரு கரை உள்ளே வந்தது. நான் ரஜிதாவை இடித்த இடியில் அவள் கையில் இருந்த சாயப் போத்தல் விழப்பார்த்தது. அதற்கு அடுத்த கிழமை குளம் ஒரு பொட்டு அளவுக்கு வந்தது. கடைசிப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிய நாளில், நான் கரம்பொன் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். நான் கொளுத்தியது அந்தோனியாருக்கு என்றாலும், மனம் முழுக்க முழங்கை மடித்து நிற்கும் ஏற்பிகள்தான் நின்றன. அந்தோனியார் கோபிக்க மாட்டார்.

கடைசி நாள் கிளினிக். அக்காவின் தாடையை மெஷினில் வைத்து, சாயம் விட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டேன். பச்சை இல்லை. திரும்பவும் பார்த்தேன். எங்குமே இல்லை. புண் மூடிவிட்டது! ஆனால் புண் மூடியது பாதிச் சந்தோசம்தான். நரம்பு எழும்பாவிட்டால் இன்றைக்கு மூடியது நாளைக்குத் திரும்பவும் திறக்கும். மருந்தோ முடிந்துவிட்டது. சாயத்தைக் கழுவித் துடைத்து, அக்காவின் கண்ணைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டேன்.

பிறகு பஞ்சை எடுத்தேன். உருட்டி உருட்டி நுனியை மெலித்தேன். "கலண்டரைப் பாருங்கோ அக்கா." பக்கவாட்டில் கொண்டுபோய் வெளி ஓரத்தில் தொட்டேன். ஒன்றுமில்லை. கீழே தொட்டேன். ஒன்றுமில்லை. மேலே. அக்கா கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தா. சூசை அண்ணை மடியில் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், பச்சைக் குளம் இருந்த அந்த இடத்தில், பஞ்சு நுனியை மெல்ல வைத்தேன்.

கண் டக்கென்று மூடியது.

"ஐயோ! என்ன மிஸ், குத்திப்போட்டியள்!"

சூசை அண்ணை பெட்டியை எறிந்துவிட்டு எழும்பினார். "என்ன செய்தனீங்கள் அவளுக்கு?" என்று என்மேல் பாய்ந்தார். பஞ்சை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். சத்தம் கேட்டுப் பெரிய டொக்டர் உள்ளே இருந்து வந்தா. கையைத் தேய்க்க மறந்து, என் கையில் இருந்த பஞ்சைப் பறித்து, தானே தொட்டுப் பார்த்தா. கண் மூடியது. இன்னொரு தரம் தொட்டா. அப்போதும் மூடியது. மூன்றாம் தரம் கொண்டுபோக, அக்கா அவவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டா.

"டொக்டர், நோகுது எண்டு சொன்னனான். இனித் தொட்டால் நான் எழும்பி ஊருக்குப் போயிடுவன்."

"மெய்யா நோகுதோ பிலோமினா?" என்றார் சூசை அண்ணை.

"ஓமப்பா, மெய்யா நோகுது. ஊசி குத்தின மாதிரி நோகுது."

"நல்லது" என்றா பெரிய டொக்டர்.

ரஜிதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குள் பெரிய டொக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, இரண்டு முழங்கையிலும் கையைக் கொழுவி ஒரு இழுப்பு இழுத்தா. மூன்று பேரும் ஒன்றாக இடிபட்டுச் சிரித்தோம். வரிசையில் இருந்த நோயாளிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள்.

அக்கா சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "டொக்டர்மாருக்கு விசரோ?" என்று புருசனிடம் கேட்டா. துடைத்த பிறகும் கன்னம் நனைந்தது. அக்கி வந்த நாளில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சுரக்காத அந்தக் கண், விட்டுவிட்டு இமைத்தபடி, நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.